‘மீண்டும் செய்வார்’ என்று எழுதும் முன்

மாநிலச் சிறைத்துறையின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் அதிகாரி அவர்களுக்கு,



தங்கள் மேசைக்கு வரும் பல நூறு கோப்புகளில் ஒரு வகையைப் பற்றி மட்டும் இந்த மடலில் பேச விரும்புகிறோம். விடுப்பு கேட்கும் தண்டனைச் சிறைவாசியின் கோப்பு அது. முன்விடுதலைக்குப் பரிசீலிக்கப்படும் ஆயுள் சிறைவாசியின் கோப்பு அது. உள்ளே தீர்ப்பின் நகல் இருக்கும். சிறைக் கண்காணிப்பாளரின் குறிப்பும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையும் இருக்கும். உள்ளூர்க் காவல் நிலையத்தின் கருத்து என்று ஒரு தாளும் இருக்கும். வெளியே வந்தால் மீண்டும் குற்றத்தில் ஈடுபடுவார் என்ற பொருள்பட அந்தத் தாளில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், மற்றத் தாள்களுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லாமல் போய்விடுகிறது.

அந்த வரி பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மனைவியை வெட்டிவிட்டு உள்ளே போனவர், சாட்சி சொன்ன மைத்துனரைத் தேடி வரக்கூடும். பழிக்குப் பழி என்று ஊரே இரண்டாகக் கிடக்கும் இடத்துக்கு ஒருவரை அனுப்பினால் அவர் கொல்லவும் கூடும், கொல்லப்படவும் கூடும். இந்த அச்சம் நியாயமானது. அதைத் தாங்கள் எடைபோட்டே ஆக வேண்டும். எங்கள் குறை வேறு. அப்படி முடிவு செய்தவர் யார், எதைப் பார்த்து முடிவு செய்தார், எப்போது கடைசியாகப் பார்த்தார், அது நடக்காமல் இருக்க யார் என்ன செய்யப் போகிறார் என்ற நான்கு கேள்விகளுக்கும் அந்த ஒற்றை வரியில் விடை இருப்பதில்லை.

இந்தக் கேள்விகளைப் புதிதாக நாங்கள் கேட்கவில்லை. 2000-ஆம் ஆண்டிலேயே லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில், முன்விடுதலையைப் பரிசீலிக்கும்போது பார்க்க வேண்டியவற்றை உச்ச நீதிமன்றம் வரிசைப்படுத்தியது. குற்றம் சமூகத்தைப் பரவலாகப் பாதித்த ஒன்றா, மீண்டும் நிகழ வாய்ப்பு உண்டா, குற்றம் செய்யும் ஆற்றல் அவரிடம் இன்னும் இருக்கிறதா, மேலும் உள்ளே வைத்திருப்பதால் பயன் ஏதும் உண்டா, குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலை என்ன என்பவை அவை. 2022-ல் ராம் சந்தர் வழக்கில், காரணம் காட்டாத கருத்து கருத்தே ஆகாது என்ற நிலையை அதே நீதிமன்றம் எடுத்தது. 2023-ல் ராஜோ வழக்கில், காவல்துறை அறிக்கையையும் தண்டித்த நீதிபதியின் கருத்தையும் மட்டும் நம்பிவிடாமல், சிறைவாசியை நேரில் சந்தித்துப் பேசிய உளவியலாளரின் அறிக்கையையும் வாங்கிப் பார்ப்பது நல்லது என்றது. 2025 பிப்ரவரியிலோ, தகுதி பெற்றவர்களின் கோப்பை அவர்கள் மனு போடாமலேயே அரசு பரிசீலிக்க வேண்டும், முடிவுக்குக் காரணம் எழுதி அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை எளியது. விடுதலை ஆணை அரசுடையது என்பதை அறிவோம். ஆனால் அரசு படிக்கும் கோப்பு தங்களுடையது. காரணம் எழுதாத ஆட்சேபணையைத் தங்கள் அலுவலகம் ஏற்காமல், அதே தபாலில் திருப்பி அனுப்பலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தங்கள் கையொப்பமிட்ட ஒரு சுற்றறிக்கை போதும்.

அடுத்தது, காரணம் என்ற பெயரில் எழுதப்படுவது பற்றி. ஒரு மனிதரைக் குறித்து எழுதக்கூடியவை இரண்டு வகை. முதல் குற்றம் செய்தபோது வயது என்ன, எத்தனை வழக்குகள், யாரைத் தாக்கினார் என்பவை ஒரு வகை. இவை கல்லில் வெட்டியவை. இனி ஒருபோதும் மாறா. குடிக்கிறாரா, கோபத்தை அடக்கத் தெரிகிறதா, யாரோடு பழகுகிறார், கையில் தொழில் இருக்கிறதா, குடும்பம் சேர்த்துக்கொள்ளுமா என்பவை இன்னொரு வகை. இவை மாறும், மாற்றவும் முடியும். கனடாவைச் சேர்ந்த ஆண்ட்ரூஸ், போண்டா, ஹோக் ஆகிய உளவியலாளர்கள் 1990-ல் வகுத்து, இன்று பல நாடுகளின் சிறைத்துறைகள் பின்பற்றும் முறையின் சாரமே இதுதான்: ஆபத்து மிகுந்தவர் மேல் அதிக உழைப்பைச் செலுத்து, அவரிடம் மாறக்கூடிய காரணிகளைக் குறிவை, அவர் ஏற்றுக்கொள்ளும் வழியில் சொல்.

நம் கோப்புகளில் முதல் வகை பக்கம் பக்கமாக இருக்கிறது. இரண்டாவது வகைக்கு ‘நடத்தை திருப்திகரம்’ என்ற இரண்டு சொற்களோடு சரி. விளைவு என்ன? 22 வயதில் அரிவாள் எடுத்தவர், 45 வயதிலும் கோப்பில் 22 வயதுக்காரராகவே இருக்கிறார். வயது ஏற ஏறக் குற்றத்தில் ஈடுபடும் போக்கு குறைகிறது என்பது குற்றவியலில் அநேகமாக எல்லாரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. அந்த மனிதருக்குத் தலை நரைத்துவிட்டது. கோப்புக்கு மட்டும் நரைக்கவில்லை.

இதில் வேடிக்கை, தங்களிடம் நல்ல சான்று இல்லாமலில்லை. புழல், வேலூர், கோவை சிறைகளை ஒட்டி, சிறைவாசிகளே பெட்ரோல் போடும் நிலையங்களைத் தங்கள் துறைதான் நடத்துகிறது. சாலையில் போகிற எவரும் வண்டியை நிறுத்துகிறார்கள். பணம் கை மாறுகிறது. சில்லறைத் தகராறு வருகிறது. மாலையில் கணக்கு ஒப்படைத்துவிட்டு அந்த மனிதர் சிறைக்குத் திரும்புகிறார். சிவகங்கை மாவட்டத்தின் புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது. உயரமான மதில் தடுத்து அங்கே யாரையும் பிடித்து வைக்கவில்லை. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி சாதாரண விடுப்பிலும் அவசரகால விடுப்பிலும் போகிறவர்கள், சிலர் வழிக்காவலோடும் சிலர் வழிக்காவல் இன்றியும் ஊருக்குப் போய்க் குறித்த நாளில் திரும்புகிறார்கள். தாயின் ஈமச்சடங்கை முடித்த கையோடு சிறை வாசலில் வந்து நிற்பவர், எந்த உளவியல் தேர்வும் சொல்ல முடியாத ஒன்றைத் தன்னைப் பற்றிச் சொல்கிறார். இந்த ஒவ்வொரு திரும்புதலும் ஒரு தேர்வு. அதன் மதிப்பெண்ணை முன்விடுதலைக் கோப்பில் முதல் பக்கத்தில் எழுத ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். தவறியவர்கள், தாமதமாக வந்தவர்கள், விடுப்பில் வம்பு செய்தவர்கள் பற்றியும் அதே பக்கத்தில் அதே அளவு நேர்மையோடு எழுதட்டும்.

கணிப்பு என்பது எவ்வளவு வழுக்கலான தரை என்பதையும் நினைவூட்ட அனுமதியுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். விடுதலையாகும் 1,000 பேரில் 50 பேர் கொடிய குற்றம் செய்யக்கூடியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் இருக்கும் கணிப்பு முறை இரு பக்கமும் 80 விழுக்காடு சரியாகச் சொல்லும். அது 50 பேரில் 40 பேரைப் பிடித்துவிடும். ஆனால் தீங்கற்ற 950 பேரில் 190 பேர் மீதும் தவறாக முத்திரை குத்தும். மொத்தம் முத்திரை விழுந்தவர்கள் 230 பேர். அதில் உண்மையில் ஆபத்தானவர்கள் 40 பேர்தான். ஆறு பேரில் ஐந்து பேர் வீணாக உள்ளே கிடப்பார்கள். 80 விழுக்காடு என்பதே மிகத் தாராளமான மதிப்பீடு.

இது வெறும் ஏட்டுக் கணக்கில்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், 1966-ல் வந்த பாக்ஸ்ட்ராம் வழக்கின் தீர்ப்பையடுத்து, ஆபத்தானவர்கள் என்று பாதுகாப்பு மிகுந்த மனநல மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டிருந்த 967 பேரைச் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்ற நேர்ந்தது. பெரும் வன்முறை வெடிக்கும் என்று அஞ்சினார்கள். ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தவர்கள் மிகச் சிலரே. தவறாக விடுவிக்கப்பட்டவர் செய்யும் குற்றம் மறுநாள் தலைப்புச் செய்தியாகிறது. தவறாக அடைக்கப்பட்டவர் செய்யாமல் இருந்த குற்றம் எந்த நாளிதழிலும் வருவதில்லை. அதிகாரிகள் ஒரு பக்கமாகவே தவறு செய்ய இந்தக் கண்ணுக்குத் தெரியாமைதான் காரணம். தங்களைக் குறை சொல்லவில்லை; அந்த நாற்காலியில் யார் அமர்ந்தாலும் அப்படித்தான் அஞ்சுவார்கள். அதனால்தான் முறை வேண்டும் என்கிறோம்.

முறை என்றவுடன் வெளிநாட்டுக் கேள்வித்தாள் ஒன்றையோ கணினி மென்பொருளையோ வாங்கி மாட்டிவிடலாம் என்று யாராவது தங்களிடம் யோசனை சொல்லக்கூடும். அருள்கூர்ந்து அவசரப்படாதீர்கள். கனடாவில் பூர்வகுடி மரபைச் சேர்ந்த ஈவர்ட் என்ற சிறைவாசி ஒரு கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போனார்: என் மக்கள் மீது சோதித்தே பார்க்காத அளவுகோலால் என்னை எப்படி அளக்கிறீர்கள்? 2018-ல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தக் கருவிகள் பூர்வகுடியினருக்கும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டிய கடமையில் சிறைத்துறை தவறிவிட்டது என்றது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2016-ல் லூமிஸ் என்பவர், தன் தண்டனையில் பங்கு வகித்த, மென்பொருள் தந்த ஆபத்து மதிப்பெண் எப்படி வந்தது என்று கேட்டார். அது மென்பொருளைச் செய்த நிறுவனத்தின் வணிக ரகசியம் என்பதால் சூத்திரம் அவருக்குக் காட்டப்படவில்லை. எச்சரிக்கைகளோடு பயன்படுத்தலாம் என்று அந்த மாநில நீதிமன்றம் விட்டுவிட்டது. மதுரையிலும் சேலத்திலும் உள்ளவரை அளக்க, மதுரையிலும் சேலத்திலும் சோதித்த அளவுகோல்தான் வேண்டும். அதன் சூத்திரம் அளக்கப்படுகிறவருக்குத் தெரிய வேண்டும்.

நம் மண்ணுக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகவே பொருந்தும். ‘மீண்டும் செய்வார்’ என்ற கணிப்பைப் பிறப்பை வைத்தே எழுதிய சட்டம் இங்கே இருந்தது. 1871-ல் வடக்கே தொடங்கி, 1911 திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் மக்கள் கைரேகைச் சட்டம் என்றார்கள். ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று கைரேகை வைக்க மறுத்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் நீங்கியது. அடுத்த ஆண்டே வழக்கமாகக் குற்றம் செய்வோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. சிறை விதிகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதைச் செல்லாததாக்கிய 2024 அக்டோபர் 3 தீர்ப்பில்கூட, ‘வழக்கக் குற்றவாளி’ என்ற சொல், குற்றப் பரம்பரை என்று முன்பு முத்திரை குத்தப்பட்ட சீர்மரபினர் மேல் எப்படி விழுகிறது என்பதை உச்ச நீதிமன்றம் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருந்தது. சாதி, ஊர், தெரு, உறவினர் மீதுள்ள வழக்குகள் ஆகியவற்றுக்கு எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் கட்டம் இருக்கக் கூடாது என்று தாங்கள் எழுத்தில் தடை விதிக்க வேண்டும். நேரடியாகக் கேட்காமல் முகவரி வழியாகவும் காவல் நிலைய எல்லை வழியாகவும் அவை உள்ளே நுழைவதையும் தடுக்க வேண்டும்.

இனி, கணித்த பிறகு என்ன என்ற கேள்வி. குடித்தால் அவர் வேறு மனிதர் என்று ஓர் அறிக்கை சொல்கிறதென்றால், போதை மீட்புச் சிகிச்சை எந்த மாதம் தொடங்கியது என்று அடுத்த வரி சொல்ல வேண்டும். ஊரில் பகை இருக்கிறது என்றால், சமரசத்துக்கு யார் போனார்கள், வேறு ஊரில் தங்க ஏற்பாடு உண்டா என்று வர வேண்டும். தொழில் இல்லை என்றால், எந்தத் தொழில் கற்றுத் தரப்பட்டது என்று வர வேண்டும். நோயை எழுதிவிட்டு மருந்தை எழுதாத சீட்டை எந்த மருந்துக்கடையும் வாங்காது. 14 ஆண்டுகள் தங்கள் பாதுகாப்பில் இருந்த ஒருவரை இன்னும் ஆபத்தானவர் என்று எழுதும்போது, அந்த 14 ஆண்டுகளில் துறை என்ன செய்தது என்பதற்கும் சேர்த்தே சான்று எழுதப்படுகிறது. ஒவ்வொரு ஆபத்துக் குறிப்புக்கும் எதிரே ஒரு பணி, ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி என்று மூன்று கட்டங்கள் போடச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நல அலுவலரும் உளவியலாளரும் அந்தத் தாளைச் சிறைவாசியோடு உட்கார்ந்து படிக்கட்டும். அவர் மறுக்க விரும்பினால் மறுப்பும் அதே தாளில் ஏறட்டும்.

ஆபத்து குறைந்தவர்களை என்ன செய்கிறோம் என்பதும் இதில் சேர்த்தி. அவர்களை ஆபத்து மிகுந்தவர்களோடு கலப்பது தீங்கு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நாடு முழுவதும் சிறையில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைச் சிறைவாசிகள். இன்னும் குற்றவாளி என்றே தீர்ப்பாகாதவர்கள். கைப்பேசி திருடி முதல்முறை வந்த 19 வயதுப் பையனைக் கும்பல் தலைவர் இருக்கும் பிளாக்கில் போட்டால் நடப்பது நம் எல்லாருக்கும் தெரியும். உள்ளே பீடியும் பாதுகாப்பும் கொடுத்தவர் வெளியே ஜாமீனுக்கு ஆள் பிடித்துத் தருவார். அந்தக் கடனைப் பையன் பணத்தால் அடைக்க முடியாது. கிளைச் சிறை உட்பட ஒவ்வொரு சிறையிலும் முதல்முறை வந்தவர்களைத் தனியே வைப்பது விதியில் இருக்கிறது. நடைமுறையில் இருக்கிறதா என்பதை முன்னறிவிப்பு இல்லாத ஆய்வால் தாங்கள் ஒரே மாதத்தில் தெரிந்துகொள்ள முடியும்.

விடுதலை நாளைப் பற்றியும் ஒரு சொல். துணிப்பையோடு வாசலில் இறங்குகிறவருக்கு முதல் சில வாரங்களே மிகவும் ஆபத்தானவை. ஆதார் எங்கே என்று தெரியாது. குடும்ப அட்டையில் பெயர் நீங்கியிருக்கும். ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்கு வீடு கிடையாது என்று தெருவே சொல்லும். பழைய கூட்டாளிதான் பைக்கோடு வந்து காத்திருப்பார். குற்றவாளிகளை நன்னடத்தைக் கண்காணிப்பில் விடும் சட்டத்தை 1930-களிலேயே இயற்றிய மாகாணம் இது. நன்னடத்தை அலுவலர் என்ற பதவியை அறிக்கை எழுதும் வேலையோடு நிறுத்திவிடலாமா? விடுதலைக்கு 6 மாதம் முன்பே அவர் சிறைவாசியைச் சந்திக்கட்டும். அடையாள ஆவணங்களும் வங்கிக் கணக்கும் வாசலைத் தாண்டும் முன் கையில் இருக்கட்டும். விடுதலைக்குப் பிறகு முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை அவர் பேசட்டும். இதற்கு ஆள் போதாது என்றால், எத்தனை பேர் தேவை என்று அரசுக்கு எழுதும் அதிகாரம் தங்களுக்கே உண்டு. அந்தக் கடிதத்துக்கு ஆதரவாக நாங்களும் எழுதுவோம்.

பாதிக்கப்பட்டவர்களை மறந்துவிட்டு இதைப் பேசுவது அறமாகாது. கணவரை இழந்த பெண், கொன்றவர் விடுப்பில் வந்திருப்பதைப் பேருந்து நிறுத்தத்தில் நேருக்கு நேர் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. விடுப்புக்கும் விடுதலைக்கும் முன்பு அவருக்குத் தகவல் போக வேண்டும். அவருடைய அச்சம் கேட்கப்பட வேண்டும். எந்த ஊருக்குள் நுழையக் கூடாது, யாரோடு பேசக் கூடாது என்ற நிபந்தனைகள் அந்த அச்சத்திலிருந்து பிறக்க வேண்டும். பாதுகாப்பு வேண்டும் என்று அவர் கேட்பதும் ஒழுங்கான மதிப்பீடு வேண்டும் என்று நாங்கள் கேட்பதும் ஒரே கோரிக்கைதான்.

கடைசியாக, எண்கள். விடுதலையானவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எந்தக் குற்றத்துக்காக, எத்தனை காலத்தில் என்பதை ஒவ்வோர் ஆண்டும் பெயரில்லாமல் வெளியிடுங்கள். கைது வேறு, தண்டனை வேறு என்று பிரித்து வெளியிடுங்கள். ரவுடிப் பட்டியலில் ஏ பிளஸ் என்றோ சி என்றோ பெயர் இருக்கும் ஒருவரைத் தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் முன்னெச்சரிக்கையாகப் பிடிப்பது வழக்கம். அந்தக் கைதையும் மீள்குற்றம் என்று எண்ணினால், முத்திரை குத்தியதே முத்திரைக்குச் சான்றாகிவிடும். அந்தச் சுழலிலிருந்து வெளியே வர வழி கிடையாது. உண்மையான எண்ணிக்கை கையில் இருந்தால்தான் எந்தக் கணிப்பு பலித்தது, எது பொய்த்தது, எந்தப் பயிற்சி பலன் தந்தது என்று துறைக்கே தெரியும்.

பெருமதிப்புக்குரிய அதிகாரி அவர்களே, தங்கள் கதவைத் தாண்டி வெளியே வருகிறவர் எங்கள் தெருவில்தான் குடியிருக்கப் போகிறார். எங்கள் பிள்ளைகள் போகும் பேருந்தில்தான் ஏறப் போகிறார். அவர் எப்படி வருகிறார் என்பதில் எங்களுக்குத் தங்களைவிட அதிக அக்கறை உண்டு. நீதிமன்றம் கொடுத்த தண்டனைக்குக் கணக்கு உண்டு. அது ஆண்டும் மாதமுமாக எழுதப்பட்டு, ஒரு நாள் பரிசீலனைக்கும் வருகிறது. காவல் தாளில் எழுதப்படும் ‘மீண்டும் செய்வார்’ என்ற வரிக்குத்தான் முடிவுத் தேதி இல்லை. அந்த வரியின் கீழே காரணத்தையும், செய்ய வேண்டிய பணியையும், மறுபரிசீலனைத் தேதியையும் எழுதச் சொல்லும் சுற்றறிக்கை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அதைத் தாங்கள் பிறப்பிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு